பாண்டிச்செல்வி தண்ணீர் குடித்த கதை

என் குறிப்பேடுகளில் அடித்துத் திருத்திய பக்கங்கள் குறைவு. திண்டுக்கல்லில் ஒரே ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அன்றன்று வந்தவர்களின் விவரத்தை அன்றன்றே எழுதி முடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. எழுதியதை மாற்ற நேர்ந்தால் மை கொட்டி மறைக்க மாட்டேன். ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நேரம் போட்டு, கையெழுத்து வைப்பேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் முதுகுவலி பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பயிற்சிகள் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. என்னைவிட நன்றாகவே அவை உங்களுக்குத் தெரியும். அதனால் நான் கோடு இழுத்த ஒரு பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை. பாண்டிச்செல்வி, வயது முப்பத்தாறு, வடமதுரைப் பக்கம் ஒரு கிராமம். நூல் மில்லில் வேலை. பாபின் என்ற சின்னக் குழலில் இருக்கும் நூலைக் கோன் என்ற பெரிய கூம்பில் சுற்றும் பிரிவில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் பார்க்கும் வேலை அது. பத்து நாளுக்கு முன்பு பாபின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல் இருந்தது, அன்றிலிருந்து வீட்டில்தான் படுக்கை என்றார். முதலில் வலது காலில் மட்டும் இறங்கிய வலி, இரண்டு நாளாக இடது காலிலும் இறங்கியிருந்தது. எலும்பு டாக்டர் முந்தைய வாரமே பார்த்து மாத்திரை கொடுத்து எங்களிடம் அனுப்பியிருந்தார். கூட வந்தவர் மாமியார். மருமகளின் மாத்திரைகளையும் சீட்டையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். யார் கேட்டாலும் அவர்தான் அவிழ்த்துக் கொடுத்தார்.

எங்கள் கூடம் உங்களுக்குத் தெரியும். ஐந்து கட்டில், நடுவில் துணித் திரை. முதல் கட்டிலில் இருப்பவர் இருமினால் நான்காவது கட்டிலில் இருப்பவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். அன்று பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துப் படுத்திருந்தார். அங்கே வைத்துத்தான் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன். ஒண்ணுக்கு, வெளிக்கு எல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று. பாண்டிச்செல்வி திரையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்து, “போகுது சார்” என்றார்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றேன். இரண்டு தடவை. அது குறைவு என்று எனக்குப் பட்டது. ஆனால் அவரே காரணமும் சொல்லிவிட்டார். மில்லில் அவர்கள் பிரிவில் ஷிப்ட் நேரத்தில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை ஷெட்டின் கடைசியில் இருக்கிறது. போய் வரும் நேரத்தில் நூல் அறுந்து மெஷின் நின்றால், பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. சூப்பர்வைசர் வந்து கேட்பார். அதனால் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினால், திரும்பி வந்துதான் சொம்பைத் தூக்குவது. புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுப்பார்களாம். எங்கள் பக்கத்து மில் பெண்கள் பலரிடம் நான் ஏற்கெனவே கேட்ட கதைதான். ஆகவே, “சிறுநீர், மலம்: இயல்பு. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கம்” என்று எழுதி மூடினேன்.

இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். அவர் பத்து நாளாக மில்லுக்கே போகவில்லை. வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு மில் பழக்கம் எப்படிக் காரணமாகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த காரணம் ஒன்று கையில் கிடைத்ததும் என் பேனா நின்றுவிட்டது. எனக்கு அப்போது இருபத்தாறு வருட அனுபவம். அனுபவம்தான் பேனாவை நிறுத்தியது என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை அவர் மறுபடி வந்தார். பத்து நாற்பதுக்கு எங்கள் வார்டு ஆயா என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. என் வயதுதான் அவருக்கும். கழிப்பறை கழுவுவது, கட்டில் துடைப்பது, பெண் நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது, எல்லாம் அவர்தான்.

“சார், அந்த மில்லுக்காரப் பொண்ணு பாத்ரூமுக்குப் போயி இருவது நிமிசம் ஆச்சு.”

அவர்கள் தண்ணீர் குடிக்காதவர்கள் அக்கா, அப்படித்தான் இருக்கும் என்றேன். எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“குடிக்காதவுக சரி. அப்ப எதுக்கு இம்புட்டு நேரம் உள்ள உக்காந்துருக்கு? வந்ததுலருந்து இது ரெண்டாவது தடவை. தண்ணி ஊத்துற சத்தமே வரல. மொதத் தடவ வெளிய வந்தப்ப மூஞ்சி பூராம் வேர்த்துக் கொட்டுச்சு.”

நான் எழுந்தேன். கதவு இருக்கும் ஒரே அறை எங்களிடம் சாமான் வைக்கும் அறைதான். அங்கே ஒரு நாற்காலி போட்டு, வெளியே வந்த பாண்டிச்செல்வியை உட்கார வைத்தேன். மாமியாரை வெளியே இருக்கச் சொன்னேன், ஆயாவை உள்ளே இருக்கச் சொன்னேன். இந்த முறை வேறு விதமாகக் கேட்டேன். கடைசியாக எப்போது போனீர்கள்? போக வேண்டும் என்ற உணர்வு வருகிறதா? கழுவும்போது கை படுவது தெரிகிறதா?

அவர் சாத்திய கதவையே பார்த்தார். ஆயா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“ஏத்தா, நான் தெனமும் ஊரு ஒண்ணுக்கக் கழுவுறவ. என்கிட்ட என்ன வெக்கம்? சொல்லு.”

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

“வியாழக்கெழமையே முக்கி முக்கித்தான் போச்சு சார். நேத்து மத்தியானத்துலருந்து சுத்தமாப் போகல. உக்காந்தா பலகை வச்சு உக்காந்த மாதிரி இருக்கு. கழுவுனா, வேற யாரையோ கழுவுற மாதிரி இருக்கு.”

அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

முதுகெலும்பின் அடியில் நரம்புகள் குதிரை வால் மாதிரிக் கொத்தாகத் தொங்குகின்றன. இடுப்பு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டு (டிஸ்க்) பெரிதாகப் பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால் காலோடு நிற்காது. சிறுநீர்ப் பை, ஆசனவாய், உட்காரும் இடம் எல்லாம் மரத்துப்போகும். சீக்கிரம் அழுத்தத்தை எடுத்தால் உணர்வு திரும்ப வாய்ப்பு உண்டு. தாமதித்தால் சிறுநீருக்கு ஆயுள் முழுக்க டியூப்தான். நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. நான் ஏற்கெனவே வியாழக்கிழமையிலிருந்து நாற்பது மணி நேரத்துக்கு மேல் வீணாக்கியிருந்தேன்.

நர்ஸைக் கூப்பிட்டு உணர்வைச் சோதிக்கச் சொன்னேன். அவர் பஞ்சால் தொட்ட இடம் எதுவும் பாண்டிச்செல்விக்குத் தெரியவில்லை. டியூப் வைத்ததும் ஆயிரத்து ஐம்பது மில்லி சிறுநீர் வந்தது. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து அவர் குடித்தது, அவர் கணக்குப்படி, மூன்று டம்ளர். சிறுநீர்ப் பை அவ்வளவு நிறைந்தும் அவருக்கு முட்டவில்லை என்பதுதான் பயம்.

எலும்பு டாக்டர் அன்று ஊரில் இல்லை. பணியில் இருந்தவர் இளம் டாக்டர், வந்து நான்கு மாதம். நல்ல பையன், பதறாதவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் செய்தது சரியான காரியம்: கேஸ் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“சார், நீங்களே நார்மல்னு எழுதியிருக்கீங்க. தண்ணி குறைவா குடிக்கிறாங்கன்னும் இருக்கு. திங்கக்கிழமை பெரிய டாக்டர் வந்துருவாரு, ஸ்கேன் எடுத்துக் காட்டிக்கலாமே.”

அந்தக் கையெழுத்து என்னுடையது. மணி மணியான எழுத்து. அதை நம்பித்தான் அவர் பேசுகிறார். அந்த ஆஸ்பத்திரியில் என் குறிப்புகளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்தப் பெயரை நான் இருபத்தாறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன், இப்போது அது அந்தப் பெண்ணுக்கும் ஆபரேஷனுக்கும் குறுக்கே நின்றது. இரண்டு நாளில் நிலைமை மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையும்கூட. ஆனால் பாதி உண்மையைக் கேட்டால் டாக்டர் பாதி அவசரம்தான் படுவார். அவர் கையிலிருந்து ஷீட்டை வாங்கி அந்த வரியின் மேல் கோடு இழுத்தேன்.

“இது தப்பு டாக்டர். நான் கேட்ட விதம் தப்பு, எழுதுனதும் தப்பு. இப்பவே மதுரைக்கு அனுப்பணும்.”

பக்கத்தில் பதினொன்று பத்து என்று நேரம் போட்டேன்.  டாக்டர் மதுரையில் இருக்கும் முதுகெலும்பு அறுவை நிபுணருக்கு நேராகப் போன் போட்டார். ஸ்கேனுக்கு ஆளை நிறுத்தி வைக்கிறேன், உடனே கிளப்புங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த அதே நேரத்தில் பாண்டிச்செல்வியின் கணவர் கருப்பசாமியும் தன் லோடு வண்டியோடு வந்து சேர்ந்தார். அவர் வந்தது வேறு வேலைக்காக. நெய்க்காரப்பட்டிப் பக்கம் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் மூன்று மணிக்கு வரச்சொல்லி வாக்கு வாங்கியிருந்தார். வண்டியின் பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார். மனைவி மீது அக்கறை இல்லாதவர் செய்கிற காரியமில்லை அது. ஆனால் முதுகில் கத்தி வைத்தால் எழுந்து நடக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னது அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். செத்த நேரம் பொறுங்க, சுளுக்கு எடுக்கும் பெரியவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு என்னை நேராகக் கேட்டார்:

“ஆபரேசன் பண்ணா நடந்துருவாளா? எழுதித் தருவீகளா?”

இந்த இடத்தில் நடப்பார் என்று சொல்லிவிட உங்களுக்கும் ஆசை வரும். ஆம்புலன்ஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொய் சொன்னால் கையெழுத்து கிடைக்கும். ஆனால் வியாழக்கிழமை ஒரு தப்பான வரி எழுதியதன் விளைவை அன்றுதான் பார்த்திருந்தேன்.

“எனக்குத் தெரியாதுங்க. எழுதித் தர மாட்டேன். பண்ணலைன்னா என்ன ஆகும்ங்கிறது மட்டும் தெரியும். ஒண்ணுக்கு தானாப் போகாது. கடைசி வரைக்கும்.”

அவர் தார்ப்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அதுவரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்தார்.

“ஏப்பு, எனக்கு நேத்தே தெரியும். இவ பாவாடை நனைஞ்சு கெடந்துச்சு. இவளுக்கே தெரியல. வெளிய தெரிஞ்சா கேவலம்னு நான்தான் அலசிப் போட்டுட்டு வாய மூடிக்கிட்டேன். சுளுக்குக்கு எதுக்குலே பாவாடை நனையுது? கையெழுத்தப் போடு.”

கருப்பசாமி போட்டார். பிறகு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். என் வேலை நேரம் முடியவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு தடவைதான்.  வழியெல்லாம் கருப்பசாமி மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு, “தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு மணிக்கு ஸ்கேன். மூன்றரைக்கு ஆபரேஷன் தொடங்கியது. வெளியே வந்த நிபுணர், சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தட்டு உடைந்து நரம்புக் கொத்தின் மேல் உட்கார்ந்திருந்தது என்றார். எடுத்தாயிற்று, இனி நரம்பின் விருப்பம் என்றார்.

மறுநாளே கால் வலி போய்விட்டது. ஆனால் வலது பாதம் தொங்கியது, சிறுநீர் தானாகப் போகவில்லை. பத்து நாள் கழித்துத் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே சின்ன டியூப் வைத்துச் சிறுநீரை எடுத்துக்கொள்ள நர்ஸ் கற்றுக்கொடுத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்து, இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரி என்றோம். மூன்றாவது வாரம் குளிர் காய்ச்சலோடு வந்து விழுந்தார். சிறுநீரில் கிருமி.

காரணம் பிடிபட எனக்கு நேரமாகவில்லை. இந்த முறை கேட்டேன், அவரும் சொல்லிவிட்டார். குடித்தால்தானே டியூப் வைக்க வேண்டும். குடிக்காவிட்டால் ஆறு தடவையை இரண்டாக்கிவிடலாம். மில்லில் பழகிய அதே கணக்கு. ஷெட்டுக்கு வெளியேயும் அவர் ஷிப்டில்தான் இருந்தார்.

கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். திட்டு வாங்கியவர்கள் அடுத்த தடவை உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது சாமான் அறையில் நான் கற்ற பாடம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நான்கு பத்தி கோடு போட்டுக் கொடுத்தேன்: நேரம், குடித்தது, தானாகப் போனது, டியூபில் வந்தது. ஷிப்டுக்கு எத்தனை கோன் சுற்றினீர்கள் என்று மில்லில் எழுதுகிறீர்கள் இல்லையா, அதே மாதிரி இதையும் எழுதுங்கள் என்றேன்.

இது வேலை செய்தது. உற்பத்தி குறைந்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அவர் எலும்பில் ஊறியிருந்தது, அதையே இந்தப் பக்கம் திருப்பிவிட்டோம். வீட்டில் மாமியார் சூப்பர்வைசர் ஆனார். மணிக்கு ஒரு டம்ளர். குடிக்கும் வரை எதிரில் நிற்பாராம். “மில்லுலகூட இம்புட்டுக் கெடுபிடி இல்ல சார்” என்று பாண்டிச்செல்வி என்னிடம் புகார் செய்தார். ஆயா தினமும் கூடத்து வாசலிலேயே பிடித்துக்கொள்வார்: “இன்னைக்கு புரொடக்‌ஷன் எம்புட்டு?” தானாகப் போனது என்ற பத்தியில் மட்டும் வரிசையாகப் பூஜ்யம். அதையும் விடாமல் எழுதச் சொன்னேன். அவரும் ஒவ்வொரு பூஜ்யத்தையும் வட்டமாக, அழகாகப் போட்டு வைத்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்து நாற்பத்தேழாவது நாள், காலை பதினொரு மணி, கூடம் நிறைந்திருந்தது. பாதத்துக்குப் பட்டை கட்டி, ஊன்றுகோலோடு பாண்டிச்செல்வி வந்தார். வழக்கத்தைவிட வேகம். வாசலிலேயே நின்று, ஐந்து கட்டிலுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“சார், நானாப் போயிட்டேன். நூத்தி இருவது மில்லி.”

திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார். அவருடைய தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை.

“எங்கம்மா போயிட்டு வந்த?”

“பாத்ரூமுக்குங்கய்யா,” என்றார் ஆயா. “எங்க பொண்ணு ஒண்ணுக்குப் போயிருச்சு.”

வாத்தியார் ஒத்தடப் பையோடு எழுந்து வந்து கை தட்டினார். என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாத மற்ற கட்டில்காரர் மூன்று பேரும் சேர்ந்து தட்டினார்கள். சாமான் அறையில், கதவைச் சாத்திய பிறகும் சொல்ல வாய் வராமல் அழுத பெண், அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்று நோட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று ஜன்னலைச் சாத்துவதுபோல் செத்த நேரம் நின்றேன்.

அதன்பிறகு எண்கள் ஏறின. நூற்றெண்பது, இருநூற்றைம்பது, முந்நூற்றைம்பது. டியூபில் மிஞ்சுவது குறைந்துகொண்டே வந்தது. நான்காம் மாதம் நிபுணர் சோதித்துவிட்டு டியூபைத் தூக்கிப் போடச் சொன்னார். பாதம் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. முதலில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. ஆறாம் மாதம் பட்டை இல்லாமல் கூடத்தை எட்டுச் சுற்று நடந்தார். கருப்பசாமி கூடவே நடந்து எண்ணினார். ஒன்பது என்று அவரும் எட்டு என்று நானும் சொன்னோம். என் கணக்குதான் சரி.

வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னதும் மில்லுக்கு ஒரு கடிதம் தயார் செய்தேன், டாக்டர் கையெழுத்திட்டார். பெட்டி தூக்கக் கூடாது. மணிக்கு ஒரு தடவை தண்ணீர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை.

அடுத்த வாரம், முதல் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அப்புறம், மில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆறு பெண்கள் நேராக எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். எல்லோரும் அதே பிரிவு. யாருக்கும் முதுகுவலி இல்லை. என்ன வேண்டும் என்றேன். ஒருத்தி மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“செல்வியக்காவுக்குக் குடுத்தீகள்ல சார், அந்த லெட்டரு. எங்களுக்கும் ஒண்ணு ஒண்ணு வேணும்.”

இல்லாத நோயை நான் எழுத மாட்டேன். அதைச் சொன்னதும் முகம் வாடியது. ஆனால் உண்மையை எழுதலாமே என்று தோன்றியது. டாக்டரிடம் பேசி, ஆறு பேருக்கும் சேர்த்து மில் மேலாளர் பெயருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினோம். எட்டு மணி நேரம் நிற்கும் எவரும் இடையில் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், இதற்கு நோய் எதுவும் தேவையில்லை என்று. ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தவில்லை.

மேலாளர் என்ன நினைத்தாரோ தெரியாது. அவருக்கு ஒரு சிக்கலும் இருந்தது: பெட்டி தூக்கக் கூடாத ஒரு பழைய ஆளை எங்கே போடுவது என்பது. இரண்டையும் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்.

சென்ற மாதம் என் ஓய்வுக்குப் பார்க்க வந்தபோது பாண்டிச்செல்விதான் சொன்னார். இப்போது அவருக்குத் தனி மெஷின் கிடையாது. பிரிவு முழுக்க அவர் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் மெஷின் முன்னாலும் போய் நின்று, நூலில் ஒரு கண் வைத்துக்கொண்டு, “தண்ணி குடிச்சியா? போயிட்டு வாடி, நான் பாத்துக்கிறேன்” என்று அனுப்பி வைப்பதுதான் அவருடைய முழுநேர வேலை.